காலி நாற்காலியும் ஒரு வாக்கு

2017 மார்ச் 10, காலை நேரம். தென்கொரியத் தலைநகர் சோலில் அரசியல் சாசன நீதிமன்ற வாசலில் கார் வந்து நிற்கிறது. இறங்குகிறார் பொறுப்புத் தலைமை நீதிபதி. பின்தலையில் இரண்டு ஹேர் ரோலர்கள். காலைப் பரபரப்பில் கழற்ற மறந்து அப்படியே வந்துவிட்டார். அன்று பகல் பதினொரு மணிக்கு அவர் வாசிக்கத் தொடங்கிய தீர்ப்பு, நாட்டின் அதிபரைப் பதவியிலிருந்து இறக்கியது. எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகக் கொடுத்த தீர்ப்பு.

கடமையில் மூழ்கியவரின் அடையாளம் என்று அந்தப் படத்தைக் கொரியர்கள் போற்றினார்கள். போற்ற வேண்டியதுதான். ஆனால், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாள்காட்டிதான் நினைவுக்கு வருகிறது. மூன்றே நாளில், மார்ச் 13 அன்று, அந்த நீதிபதியின் பதவிக்காலம் முடிய இருந்தது. அவருக்கு முன் தலைவராக இருந்தவர் ஜனவரி 31 அன்றே விடைபெற்றிருந்தார். ஒன்பது நாற்காலிகளில் ஒன்று காலி, அடுத்தது காலியாகப்போகிறது. அதற்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும்.

பதவி நீக்கம் என்றதும் எல்லோரும் நாடாளுமன்றத்தில் எண்ணப்படும் தலைகளைத்தான் பார்க்கிறோம். 300 உறுப்பினர்களில் 200 பேர் கைகொடுத்தால் தீர்மானம் நிறைவேறும். அதையடுத்து அதிபரின் அதிகாரம் நின்றுபோகும், பிரதமர் பொறுப்பேற்பார். 2004இல் 193 வாக்குகள் (அன்று அவையின் பலம் 271), 2016இல் 234, 2024இல் 204 என மூன்று முறை இந்த வாசலைத் தீர்மானம் தாண்டியிருக்கிறது. அதன் பிறகுதான் உண்மையான கணக்கு. நீதிமன்றத்துக்கு 180 நாள் அவகாசம். அதிபரை நீக்க ஆறு நீதிபதிகள் ஒப்ப வேண்டும். எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஆறு மாறாது.

இந்த ஆறை நன்றாகப் பாருங்கள். ஒன்பது பேரும் இருந்தால் அதிபரைக் காப்பாற்ற நான்கு நீதிபதிகள் வேண்டும். எட்டுப் பேர் என்றால் மூவர் போதும். ஆறு பேர் என்றால் ஒரே ஒருவர் போதும். அதாவது, ஒவ்வொரு காலி நாற்காலியும் அதிபருக்கு ஆதரவாக விழுந்த வாக்கு. அந்த வாக்கை யார் போட்டது என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதியிருக்காது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு 190 பேர் கூடி, ஒரு எதிர்ப்பும் இல்லாமல் அதை நிராகரித்தார்கள். டிசம்பர் 7இல் பதவி நீக்கத்துக்கான முதல் முயற்சி, அவையில் 195 பேரே வாக்களித்ததால் செல்லாமல் போனது. 14ஆம் தேதி நிறைவேறியது. கடுங்குளிரில் ஒளிக்குச்சிகளை அசைத்தபடி நின்றிருந்த இளைஞர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

ஆனால், அன்று நீதிமன்றத்தில் இருந்தவர்கள் ஆறே பேர். அக்டோபரில் மூவரின் பதவிக்காலம் முடிந்து, நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டிய அந்த மூன்று இடங்களும் நிரப்பப்படாமல் கிடந்தன. வழக்கைக் கேட்கவே ஏழு பேர் வேண்டும் என்கிறது சட்டம். அந்த விதியை வேறொரு வழக்கில் தற்காலிகமாக நிறுத்திவைத்துத்தான் நீதிமன்றம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. புதிய நீதிபதிகளை நியமிக்காததற்காகப் பொறுப்பு அதிபர் மீதே டிசம்பர் 27இல் பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது. பின்னர் நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்து அவரைத் திரும்ப அமர்த்தியது. இடையில் அவருக்குப் பதிலாகப் பொறுப்புக்கு வந்தவர் டிசம்பர் 31இல் இருவரை நியமித்தார். ஒன்பதாவது நாற்காலியை நிரப்பாமல் வைத்தது சாசனத்துக்கு முரண் என்று பிப்ரவரி 27இல் நீதிமன்றமே சொன்னது. அப்படியும் தீர்ப்பு நாள்வரை அது காலியாகவே இருந்தது.

2025 ஏப்ரல் 4, பகல் 11.22. எட்டுக்கு எட்டு என்ற கணக்கில் அதிபர் நீக்கப்பட்டார். தீர்மானம் நிறைவேறி 111 நாள் ஆகியிருந்தது. ஏப்ரல் 18இல் இன்னும் இரு நீதிபதிகளின் காலம் முடிய இருந்தது. பதினான்கு நாள் தாமதித்திருந்தால் மறுபடியும் ஆறே பேர்.

மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவரை ஒன்பது பேர் எப்படி இறக்கலாம் என்று கேட்பவர்களும் உண்டு. 2004ஐ அவர்கள் நினைத்துப்பார்க்கலாம். அதிபர் சட்டத்தை மீறியது உண்மை, ஆனால் பதவியைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையான மீறல் அல்ல என்று அன்று இதே நீதிமன்றம்தான் அவரை மீண்டும் அமர்த்தியது. அமெரிக்காவில் அதிபர்களை விசாரிக்க 1868, 1999, 2020, 2021 என நான்கு முறை செனட் சபையே நீதிபதியாக அமர்ந்தது. ஒருமுறைகூட மூன்றில் இரண்டு பங்கு வாக்கு சேரவில்லை. கட்சிக்காரர்களிடம் தராசைக் கொடுத்தால் அது அவரவர் கட்சிப் பக்கமே சாயும். 1987இல் வீதிக்கு வந்து ஜனநாயகத்தை வென்றெடுத்த கொரிய மக்கள், அதே ஆண்டின் சாசனத்தில் அந்தத் தராசைத் தனி நீதிமன்றத்திடம் கொடுத்தது சரியான முடிவு.

அந்தத் தராசின் தட்டை இரவோடிரவாக யாரும் கழற்றிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி முக்கியம். மருந்து எளிது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றத்தில், பதவிக்காலம் முடிந்த நீதிபதி அடுத்தவர் வரும்வரை பணியைத் தொடர்கிறார். அங்கே நியமனத்தை இழுத்தடித்து நாற்காலியைக் காலியாக்க வழியில்லை. சோலும் இந்த ஒரு விதியையாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொரியா இரண்டு முறை தப்பித்தது. முதல் முறை மூன்று நாள், அடுத்த முறை பதினான்கு நாள் மிச்சமிருந்தது. மூன்றாவது முறையும் நாள்காட்டி கருணை காட்டும் என்று ஒரு நாடு காத்திருக்கக் கூடாது.