திரையில் விரியும் கோலம்

கணினியை யாரும் தொடாதபோது திரையில் தானாக ஓடத் தொடங்கும் சித்திரங்களே ஸ்கிரீன்சேவர் எனப்படுகின்றன. பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தழும்பு நிலைத்துவிடும் என்பதற்காகப் பிறந்த இந்நிரல்கள், அத்தேவை பெரும்பாலும் நீங்கிய பின்னும் அழகுக்காகவே நீடிக்கின்றன. அவற்றுள் மிகுந்த வனப்புடையவை ஃபிராக்டல்களை, அதாவது முழு உருவின் சாயலே அதன் சிறு பகுதியிலும் அப்பகுதியின் பகுதியிலும் திரும்பத் திரும்பத் தோன்றும் வடிவங்களை, வரைபவை.

ஃபிராக்டல் என்ற பெயரைப் பெனுவா மாண்டல்பிராட் 1975இல் வழங்குவதற்கு ஓராண்டு முன்பே, சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் வாசல் கோலங்களை மொழியிலக்கணம் போன்ற விதிகளால் விளக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டிருந்தனர்.

அவர்கள் ஆராய்ந்த கோலங்களுள் ஒன்றான ‘கிருஷ்ணரின் கொலுசு’, செடிகளின் வளர்ச்சியை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் வகுத்த எழுத்து விதிமுறையில் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து நான்காகப் பெருகி, இடையிடையே இரண்டு கோடுகளும் ஒரு திருப்பமும் சேர்கின்றன. முதற்படியில் நான்கு கோடுகளாலான சாய்சதுரம் மட்டுமே கிடைக்க, இரண்டாம் படியில் 20 கோடுகளும், மூன்றாவதில் 84 கோடுகளும், ஐந்தாவதில் 1364 கோடுகளும் கையெடுக்காமல் இழுத்த ஒரே இழையாக விரிகின்றன.

நிரலை அமைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தப் படிகளின் எண்ணிக்கையே. பத்தாம் படியில் கோடுகள் ஏறக்குறைய 14 லட்சம் ஆகின்றன. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையிலோ மொத்தமே 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான் உள்ளன என்பதால், இழை மறைந்து வண்ணப் பூச்சே எஞ்சும். ஐந்து அல்லது ஆறு படிகளில் நிறுத்துவதே கண்ணுக்கு இதம். அடுத்தது வேகம்: ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான தாமதத்தைக் கூட்டினால்தான் இழை வளர்வதைக் கண் தொடர முடியும். வண்ணங்களைப் பொறுத்தவரை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை மெல்ல மாறும் சில நிறங்கள் இழை சென்ற வழியைக் காட்டும்; நூற்றுக்கணக்கான நிறங்களைத் தாறுமாறாகக் கலப்பது அதைக் கெடுத்துவிடும். மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது திரையை அணையவிடுவதே நல்லது.

ஜேமி சவின்ஸ்கி 1992இல் தொடங்கிய எக்ஸ்ஸ்கிரீன்சேவர் போன்ற தொகுப்புகளின் மூலநிரல் அனைவருக்கும் திறந்தே கிடக்கிறது. விதி ஒற்றை வரியில் ஆயத்தமாக இருப்பதால், நிரலெழுதக் கற்கும் நம் மாணவர்கள் கொலுசுக் கோலத்திலிருந்தே தங்கள் முதல் ஸ்கிரீன்சேவரைத் தொடங்கலாம்.