மரிச்சுக்கட்டியில் முத்துக்கு விலை போட்டவர் யார்?

முத்துமாலை வாங்கக் கடைக்குப் போனால் உருட்டிப் பார்க்கிறோம், மினுக்கம் பார்க்கிறோம், பேரம் பேசுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த முத்தின் விலை பிறந்த இடங்களுள் ஒன்று மன்னார்க் கரையிலுள்ள மரிச்சுக்கட்டி. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களோடு சேர்த்து வெளியேற்றப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின் திரும்பத் தொடங்கிய நம் மக்களின் ஊர்தான் அது.

முத்துச் சிலாபம் கூடும் ஆண்டில் அந்த மணலில் ஓலைக்கொட்டகைகளால் ஒரு நகரமே எழும்பும். கீழக்கரையிலிருந்து நம் சுழியோடிகள், வளைகுடாவிலிருந்து அரபிகள், கடலோரப் பரதவர், கடை போட வந்தவர்கள், முத்து வாங்க வந்த பெரும் வணிகர்கள் என்று பல்லாயிரம் பேர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்குவது ஆண்கள். நாள் எண்ணிக்கொண்டு வீட்டில் இருந்தது யார் என்று சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுழியோடிக்குக் கூலி காசாகக் கிடையாது. கரை சேர்ந்த சிப்பியை மூன்று பங்காக்குவார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு மாலையில் ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போகும். உள்ளே முத்து இருக்கிறதா என்று ஏலம் கேட்பவருக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது. சுழியோடி தன் பங்கை வெளியே வந்ததும் சில்லறையாக விற்றுவிடுவார். இரண்டு சிப்பி வாங்கி அதிர்ஷ்டம் பார்க்கிறவர்களும் உண்டு. சூதாட்டத்துக்கு மிக அருகில் நின்ற வணிகம் என்றே எனக்குப் படுகிறது.

சிப்பியை அழுகவிட்டுக் கழுவி எடுத்த முத்தைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். உயர்ந்தது ஆணி, கடைசியில் தூள். விலைக்குச் 'செவ்வு' என்றொரு கணக்கு: ஒரு முத்தின் எடை இரண்டு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்கு. ஆகவே ஒரு பெரிய முத்தின் எடைக்குச் சமமான இரண்டு சிறிய முத்துகள் அதன் பாதி விலைதான் பெறும். இந்தக் கணக்கு வணிகரின் விரல் நுனியில் இருந்தது; மூச்சடக்கி எடுத்து வந்தவர் பெற்றதோ சிப்பியின் விலை.

1905இல் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் வந்தன. அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய். அந்தத் தொகைதான் கண்ணை மறைத்தது.

அதே காலத்தில் இலங்கையின் தென்மேற்கே இறப்பர்த் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. கன்று நட்டு ஆறேழு ஆண்டு பொறுத்தால் பால் வரும், இலண்டன் பங்குக்காரருக்கு இலாபம் வரும். 1910இல் ஓர் இறாத்தல் இறப்பர் இலண்டனில் 12 சிலிங்கைத் தாண்டியது. கடலையும் அப்படி ஒரு தோட்டமாக நடத்தலாம் என்று நினைத்தார்கள். 1906இல் முத்துப் பார்களை ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது அரசு. ஆண்டுக்கு வாடகை 3,10,000 ரூபாய்.

ஆனால் சிப்பி மரமல்ல. பெரிய பாரில் 1902 மார்ச்சில் கண்ட கணக்கற்ற குஞ்சுச் சிப்பிகள் நவம்பரில் பார்த்தபோது இல்லை. ஆய்வுக்கு வந்த பேராசிரியர் ஹெர்ட்மனே எழுதி வைத்த செய்தி இது. 1906இல் 6 கோடிக்கு மேல் எடுத்த கம்பெனிக்கு 1907இல் கிடைத்தது 2 கோடி அளவே. அதன் பிறகு பார்கள் வெறுமை. வாடகை மட்டும் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது.

இறப்பர் விலை விழுந்தபோது, 1922இல், ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்க முடிந்தது. மரங்கள் நின்ற இடத்தில் நின்றன. மன்னாரில் குறைப்பதற்கே சிப்பி இல்லை. அடுத்த சிலாபம் 1925இல்தான். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் இளைஞராய் இருந்த சுழியோடி நடுவயதைத் தொட்டிருப்பார்.

அதற்குள் ஜப்பானில் மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. 1930களில் இயற்கை முத்தின் விலை சரிந்து, மன்னாருக்குச் சுழியோடிகளை அனுப்பிய வளைகுடாத் துறைகளும் ஓய்ந்தன. இன்று கடையில் நாம் உருட்டிப் பார்க்கும் முத்தும் பெரும்பாலும் அந்த வளர்ப்பு இனம்தான்.