பழத்தை வெட்டாமல் சுளையை எண்ணலாமா?

வைகாசி பிறந்தால் கள்ளக்குறிச்சிப் பக்கம் பலாப்பழக் காலம். கிழக்கே பண்ருட்டியிலிருந்து வரும். மேற்கே கல்வராயன் மலையிலும் காய்க்கும். கருணாபுரத்தில் ஒரு வீட்டுக்கு முழுப்பழம் வந்து இறங்கினால், பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி "எப்போ வெட்டுவீங்க?" என்பதுதான். "உள்ளே எத்தனை சுளை?" என்று யாராவது கேட்டால் அவருக்குக் காரி நாயனாரைப் பிடித்துப்போகும்.

காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்ற பழைய நூலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. காம்பை ஒட்டிய சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும், வருவது சுளை. முள்ளை 'மு' என்றும் சுளையை 'சு' என்றும் வைத்தால்:

சு = 6மு/5

முள் 100 என்றால் சுளை 120. திருப்பிப் போடுவோம். சுளை 90, முள் எத்தனை? 6மு/5 = 90. இருபுறமும் 5 ஆல் பெருக்கினால் 6மு = 450. ஆறால் வகுத்தால் மு = 75.

சரி, முள் 47 என்றால்? 282/5, அதாவது 56⅖ சுளை. எந்தப் பலா ஐந்தில் இரண்டு சுளை காய்க்கும்? விகிதமுறு எண்ணாக அது சரியான விடைதான், பழத்துக்குத்தான் பொருந்தவில்லை. முள் 5-இன் மடங்காக இருந்தால் மட்டுமே முழுச்சுளை வரும். அதனால் இதைக் குத்துமதிப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பலாவின் மேலே தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகிறது. சேராத பூ சுளைகளுக்கு நடுவே நார்போலக் கிடக்கும் சடையாகிறது. ஆக, பழம் முழுவதும் உள்ள முட்கள் = சுளைகள் + சடைகள். இந்தச் சமன்பாட்டுக்கு ஆதாரம் பூவிலேயே இருக்கிறது. ஆனால் சடையை எண்ணப் பொறுமை யாருக்கு?

இப்போது பழத்தை வெட்டியாயிற்று. கால் பங்கு எதிர்வீட்டுக்கு, ஐந்தில் ஒரு பங்கு பாட்டிக்கு. மீதி 66 சுளை. மொத்தம் எத்தனை? மொத்தச் சுளையை 'ப' என்று வைத்தால்:

ப − ப/4 − ப/5 = 66

பகுதிகள் 4, 5. மீச்சிறு பொது மடங்கு 20. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இதற்குத் தாளே தேடியிருக்க மாட்டான். இருபதில் ஒரு பங்குக்கு அவனிடம் 'மா' என்ற அளவு தயாராக இருந்தது. கால் என்பது ஐந்து மா. ஐந்தில் ஒன்று நாலு மா. கொடுத்தது ஒன்பது மா, மிச்சம் பதினொரு மா. பதினொரு மாவுக்கு 66 சுளை என்றால் ஒரு மாவுக்கு 6, இருபது மாவுக்கு 120. உங்கள் நோட்டில் இதே கணக்கு 11ப/20 = 66 என்று வரும்; ப = 120.

இந்த 120-ஐ மேலே உள்ள விதியில் போட்டால் காம்பருகே 100 முள் இருந்திருக்க வேண்டும். உண்மையா என்று உங்கள் வீட்டுப் பழத்தில் எண்ணிப் பாருங்கள். பழத்தை வெட்டுவதற்கு முன்பே முள்ளை எண்ணிக் குறித்துவிடுங்கள். சுளை எடுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பலாப்பால் நோட்டையும் சேர்த்து ஒட்டிவிடும்.