கைப்பிடியில் இருக்கிறது பையின் ஆயுள்

குப்பைக்குப் போகும் கைப்பைகளை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அடிப்பாகம் நன்றாக இருக்கும். ஜிப் தடையில்லாமல் ஓடும். உள்துணிகூடக் கிழிந்திருக்காது. கெட்டுப்போனது கைப்பிடி மட்டும்தான். மேல்பரப்பு செதில் செதிலாக உரிந்திருக்கும். இல்லையென்றால் பையோடு சேரும் இடத்தில் தையல் விட்டுப்போயிருக்கும். ஒரு முழம் நீளமுள்ள துண்டுக்காக முழுப் பையையும் வீசிவிட்டுப் புதிது வாங்குகிறோம்.

கிள்ளானில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். ரவிக்கை, பஞ்சாபி உடை என்று தொடங்கிய என்னிடம் இப்போது கைப்பிடிக்காகவும் தோள்வாருக்காகவும் வருகிறவர்கள் பலர். பெரும்பாலும் இளையோர். காலையில் கொமுட்டர் இரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி அலுவலகம் போகிறவர்கள். மடிக்கணினி, சார்ஜர், தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டு டப்பா, குடை எல்லாம் சேர்ந்தால் நான்கைந்து கிலோ சாதாரணமாக வந்துவிடும். அத்தனையும் இரண்டு விரல் அகலமுள்ள ஒரு வாரில் தொங்குகிறது.

ஃபோம் சுமையைத் தாங்காது

கைப்பிடி மெத்தென்று இருந்தால் பலமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஃபோமுக்கும் பலத்துக்கும் தொடர்பே இல்லை. அதன் வேலை அழுத்தத்தைப் பரப்புவது. ஐந்து கிலோ பையை 2 சென்டிமீட்டர் வாரில் மாட்டும்போது தோளில் விழும் அழுத்தம், 4 சென்டிமீட்டர் வாரில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆனால் வார் வெறும் தோலாக இருந்தால் அதன் ஓரம் மட்டும் சதையில் அழுந்தும். ஃபோம் தோளின் வளைவுக்கு ஏற்ப அமுங்கிக் கொடுப்பதால் முழு அகலமும் வேலை செய்கிறது.

அப்படியென்றால் சுமையைத் தாங்குவது எது? நல்ல வாரைப் பிரித்தால், தோலுக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒரு நைலான் நாடா நீளவாக்கில் ஓடுவதைப் பார்க்கலாம். தோல் நாளடைவில் இழுபடும். மாட்டின் வயிற்றுப் பகுதித் தோல் இன்னும் அதிகமாக இழுபடும். நாடா இழுபடாது. மலிவான பைகளில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது இந்த நாடாதான். வெளியே தெரியாத பொருள் என்பதால் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

வீட்டு மெஷின் ஏன் திணறுகிறது?

ரவிக்கை தைக்கும் மெஷினில் கைப்பிடி தைக்க முடியுமா என்று தையல் தெரிந்த பெண்கள் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். மெல்லிய தோலில் இரண்டு அடுக்கு என்றால் முடியும். அதற்கு மேல் போனால் மெஷின்தான் பாழாகும்.

வீட்டு மெஷினில் துணியை நகர்த்துவது அடியில் இருக்கும் பற்கள் மட்டும். மேலே இருக்கும் பாதம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பருத்தித் துணிக்கு இது போதும். தோலின் மேல்பரப்போ பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். அடி அடுக்கு முன்னே போக, மேல் அடுக்கு பின்தங்கும். ஒரு முழம் தைத்து முடிக்கும்போது இரண்டு அடுக்குகளின் முனைகளும் சேராது.

தொழிற்சாலைகளில் இதற்காகவே வாக்கிங் ஃபுட் மெஷின் இருக்கிறது. ஊசி தோலுக்குள் இறங்கியிருக்கும்போதே ஊசி, உள்பாதம், அடிப்பற்கள் மூன்றும் ஒன்றாக நகரும். எத்தனை அடுக்கு இருந்தாலும் எல்லாம் சேர்ந்தே போகும். வீட்டு மெஷினில் பொருத்தும் வாக்கிங் ஃபுட் பாதமும் கடைகளில் கிடைக்கிறது. அடுக்குகள் வழுக்காமல் இருக்க அது உதவும்; தடித்த தோலைக் குத்தி இறங்கும் பலத்தை மோட்டாருக்கு அது கொடுக்காது.

ஏற்கெனவே முழுமையாகத் தைத்த பையில் வாரை இணைப்பது இன்னொரு சிக்கல். தட்டையான மெஷின் மேசையில் பையின் வாய் நுழையாது. அதற்கு உருளை போன்ற கை நீட்டிக்கொண்டிருக்கும் மெஷின் வேண்டும். சப்பாத்து தைப்பவர்கள் வைத்திருக்கும் பழைய சிங்கர் 29கே மெஷினும் இந்த வேலைக்கு ஏற்றது. அதன் பாதம் எந்தத் திசையிலும் திரும்பும். மெல்லிய நீண்ட கை பைக்குள் எளிதாக நுழையும். ஆனால் பாதத்தின் பற்கள் தோலில் தடம் பதிக்கும். அதனால் பழுது பார்க்க அது நல்லது. புது வாரின் நீளமான அலங்காரத் தையலுக்கு உதவாது.

ஊசியும் நூலும்

தோலுக்கான ஊசியின் முனை சிறிய கத்தி போன்றது. அது தோலை வெட்டிக்கொண்டு இறங்கும். துணியில் பிசகிய தையலைப் பிரித்தால் துளை மூடிக்கொள்ளும். தோலில் மூடவே மூடாது. அதனால்தான் தையலை நெருக்கமாகப் போடக் கூடாது. நெருங்கிய துளைகள் அஞ்சல் தலையின் ஓரம் போலாகி, சுமை ஏறியதும் அந்த வரிசையிலேயே தோல் கிழியும். ஒரு தையலுக்கு 4 மில்லிமீட்டர் இடைவெளி பாதுகாப்பானது.

நூலின் தடிமனை டெக்ஸ் எண்ணால் சொல்வார்கள். ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண். ரவிக்கை நூல் ஏறக்குறைய 27 முதல் 30 டெக்ஸ். கைப்பிடிக்கு 70 டெக்ஸ் நைலான் நூலும் 110 எண் ஊசியும் வேண்டும். 110 என்றால் ஊசியின் தடிமன் 1.1 மில்லிமீட்டர். வெயிலில் அதிகம் புழங்கும் பைக்கு பாலியெஸ்டர் நூல் நல்லது; வெயிலை அது நைலானைவிட நன்றாகத் தாங்கும்.

ஒரு வார் உருவாகும் விதம்

மேல்தோலுக்கு 1.2 மில்லிமீட்டர் தடிமன் போதும். மடிக்க வேண்டிய இரண்டு ஓரங்களையும் பாதித் தடிமனுக்குச் சீவிக்கொள்கிறேன். சீவாமல் மடித்தால் ஓரம் உப்பி நிற்கும். ஊசியும் அங்கே திணறும்.

ஃபோமை வாரைவிட ஒவ்வொரு பக்கமும் 4 மில்லிமீட்டர் குறைவாக வெட்ட வேண்டும். தையல் ஃபோமுக்கு வெளியே, தோல் மட்டும் இருக்கும் விளிம்பில் ஓட வேண்டும் என்பதே காரணம். ஃபோமின் மேல் தைத்தால் பாதம் அமுங்கி எழுந்து தையல் சமமாக விழாது. நீளத்திலும் ஃபோம் இரண்டு முனைகளுக்கும் மூன்று நான்கு சென்டிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். வளையமும் ரிவெட்டும் வரும் இடம் தட்டையாக இருந்தால்தான் பிடிப்பு இறுகும். ஃபோம் முடியும் இடத்தைச் சரிவாகச் சீவினால் மெஷின் அந்த மேட்டில் தடுக்காமல் ஏறி இறங்கும். அந்த இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுழற்றுவது என் வழக்கம்.

அடுத்தது ஒட்டுவது. கையில் பிடிக்கும் கைப்பிடியை நேராக வைத்து ஒட்டவே கூடாது. வளைத்தால் வெளிப்பக்கத்துக்கு நீளம் அதிகம் வேண்டும், உள்பக்கத்துக்குக் குறைவாக வேண்டும். நேராக ஒட்டித் தைத்த கைப்பிடியை வளைத்தால் உள்தோல் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதனால் ஒட்டும்போதே வளைத்துப் பிடித்து, பசை காய்ந்த பிறகுதான் தைக்கிறேன்.

தையல் ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே ஓட வேண்டும். முடிவில் முன்னும் பின்னுமாகப் பல தடவை தைத்தால் துளைகள் பெருகித் தோல் பலவீனமாகும். நூலின் இரு முனைகளையும் அடிப்பக்கம் இழுத்து முடிந்து, தீயால் இலேசாகச் சுட்டால் போதும். நைலான் உருகி முடிச்சு பூட்டிக்கொள்ளும்.

உரிகிற தோல், தோலே அல்ல

உரிந்த கைப்பிடியோடு வருகிறவர்கள் முதலில் சொல்வது, ‘தோல் உரிந்துவிட்டது’ என்பதுதான். உண்மையான தோல் வெடிக்கும், கறுக்கும். மெல்லிய படலமாக உரிவது அரிது. உரிவது பெரும்பாலும் துணியின் மேல் பூசிய பாலியூரிதேன் பூச்சு. காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் பூச்சின் பிணைப்புகளை மெல்ல உடைக்கிறது. வெப்பம் அதை வேகப்படுத்துகிறது. நம் ஊரிலோ ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தே இருக்கின்றன. கையின் வியர்வையும் சேரும் இடம் கைப்பிடி. அதனால் அதுவே முதலில் போகிறது. பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்த பையும் உரிவது இதனால்தான்.

அந்தப் பூச்சை மீண்டும் ஒட்ட முடியாது. கைப்பிடியைத் தோலில் புதிதாகச் செய்வதுதான் வழி. குரோம் முறையில் பதனிட்ட தோல் மென்மையானது. ஃபோமின் மேல் நன்றாகப் படியும். மரப்பட்டையால் பதனிட்டது விறைப்பானது. ஈரம் பட்டால் கறை பிடிக்கும், ஆனால் வடிவம் மாறாமல் நிற்கும். இந்தப் பட்டை முறைக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தமிழ்நாட்டில் பதனிட்ட தோல் ஆங்கிலேயர் காலத்தில் கப்பலேறிப் போனது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகியவை இன்றும் தோல் ஊர்கள்தான். 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. இந்தத் தொழிலுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. கழிவுநீரால் பாலாற்றுப் படுகை கெட்டுப்போய், வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996இல் தீர்ப்பு வந்தது. அந்த விலை கொடுத்து வந்த பொருளை இரண்டே ஆண்டுகளில் வீசுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

வாங்கும்போது பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பேரங்காடியிலோ, பை வாங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே நாடா இல்லை. பையோடு சேரும் இடத்தில் ஒற்றைக் கோடாக இல்லாமல் சதுரமாகவும் குறுக்காகவும் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வளையம் இருந்தால் இன்னும் நல்லது. நாளை கைப்பிடி போனாலும் பையைப் பிரிக்காமல் மாற்றிவிடலாம். வீட்டில் பையை நெகிழிப் பைக்குள் மூடி வைக்காதீர்கள்; ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பையில் வைத்து, வாரை மடக்காமல் விடுங்கள்.

வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன் தூங்க நேரமில்லை, அதன் பிறகு மாதக்கணக்கில் வேலையில்லை என்பது நமக்குப் பழகிய கதை. தைத்துத் தயாரான ரவிக்கைகள் கடைகளில் தொங்கத் தொடங்கிய பிறகு அந்த இடைவெளி நீண்டுவிட்டது. பை பழுதுக்கு அப்படிப் பருவம் கிடையாது. வாக்கிங் ஃபுட் மெஷின் விலை கூடுதல்தான். பழைய மெஷின் கிடைத்தாலும் போதும். மெதுவாக ஓடும் சர்வோ மோட்டாரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தனியாக வாங்க முடியாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம். நேர்கோட்டில் தைக்கத் தெரிந்த கைக்கு இந்த வேலை பழக அதிக நாளாகாது. தொடக்கத்தில் வாடிக்கையாளரின் பையில் கை வைக்காமல், துண்டுத் தோலில் பத்து வார் தைத்துப் பழகுங்கள்.

பையின் கைப்பிடி விட்டுப்போயிருந்தால், வாசகர்களே, வீசுவதற்கு முன் உங்கள் பகுதித் தையல்காரரிடமோ சப்பாத்து தைப்பவரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் மெஷின் வாங்க அவர்களுக்கும் துணிவு வரும்.