பையைச் சுமப்பது யார்?

கோல்ஃப் ஆடுகிறவர்களிடையே தீராத ஒரு வழக்கு உண்டு. மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதா, பேட்டரியில் ஓடும் டிராலியில் வைத்துவிட்டுக் கைவீசி நடப்பதா? பென்னாகரத்துக்காரனுக்கு இது என்னத்துக்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்த வழக்கில் யார் பேசுகிறார்கள், யார் பேச்சிலேயே வராமல் போகிறார்கள் என்று பார்த்தால் இது நம்ம ஊர்ச் சங்கதியாகிவிடுகிறது.

முதலில் விவரம். ஒருவர் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1938இல் வந்த வரம்பு இது. அதற்கு முன் இருபதுக்கு மேல் திணித்துக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். எடையைப் பற்றி அவர்களுக்குக் கவலை இருந்ததில்லை, தூக்கியது அவர்கள் இல்லையே. மட்டை, பந்து, குடை, தண்ணீர் எல்லாம் சேர்த்தால் பத்திலிருந்து பதினைந்து கிலோ. 18 குழிகளையும் முடிக்க எட்டு கிலோமீட்டர் நடை, நாலு மணி நேரம். டிராலி என்பது பெரிய அதிசயமில்லை. சின்ன மோட்டார், அச்சில் இரண்டு சக்கரம், லித்தியம் பேட்டரி. சிலது ரிமோட்டுக்குக் கட்டுப்படும், சிலது சொந்தக்காரன் பின்னாலேயே வரும். சுமப்பவர்கள் கட்சி: உடம்புக்கு நல்லது, செலவில்லை, ஈரத் தரையில் சக்கரத்தடம் விழாது. டிராலிக் கட்சி: ஒரு பக்கத் தோளில் எடை ஏறினால் முதுகு கோணும், கடைசிக் குழிகளில் கை நடுங்கும். இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதோடு விடலாம்.

விட முடியாதது இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை: என் பை, என் தோள், என் தேர்வு. இங்கிலாந்தில் இது ஏறக்குறைய உண்மையாக இருக்கலாம். இந்தியாவில் கேள்வியே வேறு. கல்கத்தாவில் 1829இல், பெங்களூரில் 1876இல், கொடைக்கானலில் 1895இல் என்று வெள்ளைக்காரன் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியபோது பையைத் தூக்க ஆளையும் சேர்த்தே ஏற்பாடு செய்துகொண்டான். அவன் போனபின் பை கைமாறியது, தோள் மாறவில்லை. தோளா டிராலியா என்று நம்மூர்க் கனவான் விவாதிக்கும்போது அங்கே ‘தோள்’ என்பது இன்னொருவனுடைய உடல்.

அந்த உடலுக்கு ஆங்கிலத்தில் கேடி என்று பெயர். இளைய மகன் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாம் வழங்கும் கேடியோ போலீஸ் பதிவேட்டிலிருந்து வந்தது. பழங்குற்றவாளி என்பதைக் குறிக்க வெள்ளைக்காரப் போலீஸ் எழுதிவைத்த இரண்டு ஆங்கில எழுத்துகள். இரண்டு சொற்களுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் மைதானத்து வாசலிலும் காவல் நிலையத்து வாசலிலும் பெயருக்குப் பதில் எண்ணால் கூப்பிடப்படுகிறவன் ஒரே வர்க்கத்து ஆள் என்பதைத் தற்செயல் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

டிராலி ஏன் இங்கே மெதுவாக வருகிறது? மரபு, பண்பாடு, கேடியோடு உள்ள பாசம் என்றெல்லாம் சொல்வார்கள். மார்க்ஸ் ‘மூலதன’த்தில் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார். கல்லுடைக்கும் எந்திரத்தை அமெரிக்கர்கள் கண்டுபிடித்த பிறகும் இங்கிலாந்தில் அதை வாங்கவில்லை. கல்லுடைப்பவனுக்குக் கொடுத்த கூலி அவ்வளவு அற்பம். கால்வாய்ப் படகை இழுக்கக் குதிரைக்குப் பதில் பெண்களைப் பூட்டியதும் இதே கணக்கில்தான். எந்திரம் மனிதனை விடுவிக்க வருவதில்லை. மனிதன் எந்திரத்தைவிட விலை கூடும்போது வருகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, லேசானதல்ல. பையைச் சுமந்ததால்தானே அவர்கள் ஆட்டத்துக்குள் வந்தார்கள்? தில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதை வென்ற முதல் இந்தியர் அவர். பெங்களூரில் பை தூக்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் அதே கோப்பையை வாங்கினார். உண்மைதான். ஆனால் இதைச் சொல்லும் தொனியைக் கவனியுங்கள்: சுமையே படிக்கட்டாம். 2022இல் தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்தில் பல்லக்கு தூக்கத் தடை போட்டு, பிறகு அந்தத் தடை விலக்கப்பட்டபோதும் இதே குரலைக் கேட்டோம். தூக்குகிறவர்கள் விரும்பித்தான் தூக்குகிறார்கள் என்றார்கள். விருப்பத்தைப் பற்றிப் பேசுகிறவர் எப்போதும் பல்லக்கின் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதே என் கேள்வி.

அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் 1975வரை எந்தக் கறுப்பரும் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடியதில்லை. ஆனால் பை தூக்கியவர்கள் கறுப்பர்கள். 1983இல் ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்தக் கேடியைக் கூட்டிவரலாம் என்று விதி தளர்ந்ததும் அந்தக் கறுப்புக் கேடிகளில் பெரும்பாலோர் வேலையிழந்தார்கள். புல்தரை எந்தப் பக்கம் சரிகிறது, காற்று எங்கே திரும்பும், பந்து எத்தனை அடி உருளும் என்று கண்ணால் படித்துச் சொன்னவர்கள் அவர்கள். அந்தப் படிப்புக்குத் தனிக் கூலி இல்லை, பையோடு சேர்த்தி.

சுமப்பது மாட்டுத்தனமான வேலை என்ற எண்ணமும் மேட்டிமையே. கென்யாவில் தலைச்சுமைப் பெண்களை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 1986இல் வெளிவந்தது: தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை அவர்கள் கூடுதல் சக்தி செலவாகாமல் சுமந்தார்கள். சும்மாடு கூட்டி, கழுத்தை நேராக்கி, நடையை அளந்து வைக்கும் நம் ஊர்ப் பெண்களும் கற்றுக்கொண்டதையே செய்கிறார்கள். பிள்ளை சுமந்து செத்தவள் நினைவாகச் சாலையோரம் சுமைதாங்கி நட்ட சமூகம் இது. சுமையை இறக்கிவைக்க ஒரு கல் வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் சக்கரமே வேண்டாமா? அப்படிச் சொல்ல நான் காந்தியவாதி இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு எந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப்போயின. சக்கரம் போகாத ஊரில் மனிதனும் கழுதையும் என்ன பாடுபடுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சக்கரத்தை எதிர்க்க மாட்டார்கள். சக்கரம் யாருடையது என்பதே விஷயம். சென்னையில் 1973இல் கை ரிக்‌ஷாவை ஒழித்தபோது, அதை இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்கப்பட்டது. குறைகள் ஆயிரம் இருக்கலாம். சக்கரம் உழைத்தவன் கைக்குப் போனது. ரயில்வே போர்ட்டர் கதை வேறு. பெட்டிக்கு அடியில் முளைத்த சக்கரம் பயணியுடையது. 2008இல் கொஞ்சம் பேரைத் தண்டவாளப் பராமரிப்பு வேலைக்கு எடுத்தார்கள். 2016 ரயில்வே பட்ஜெட்டில் மிச்சம் இருந்தவர்களுக்கு ‘சகாயக்’ என்று பெயர் மாற்றம் கிடைத்தது. பெயர் மட்டும்.

கோல்ஃப் டிராலி இந்த இரண்டாம் வகை. ஆட்டக்காரர் வாங்குவார், அல்லது கிளப் வாடகைக்கு விடும். கேடிக்கு அதில் பங்கு கேட்க வாய் இருக்கிறதா? ஹாங்காங் ராயல் கோல்ஃப் கிளப்பின் கேடி ஒருவர் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1997இல் தீர்ப்பானது. எண் கொடுத்தது கிளப், சீருடை கொடுத்தது கிளப், கூலியும் கிளப் வழியாகவே வந்தது. ஆனாலும் அவர் கிளப்பின் தொழிலாளி அல்ல, உள்ளே வந்து ஆட்டக்காரர்களுக்கு வேலை செய்துகொள்ள அனுமதி பெற்றவர் மட்டுமே என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஒரு நீதிபதி மாறுபட்டார், மாறுபட்டது மாறுபட்டதுதான்.

தொழிலாளியே இல்லை என்று ஆகிவிட்டவரை வேலைநீக்கம் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. நோட்டீஸ் வேண்டாம், ஈட்டுத்தொகை வேண்டாம். டிராலிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும். காலையில் கேட்டுக்கு வெளியே நிற்கும் வரிசை ஒவ்வொரு ஆளாகக் குறையும்.