பதிவேட்டில் ஒரு வரி – பலெர்மோ நகரமும் மனித உரிமையும்

மனித உரிமை என்றவுடன் ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் கூடும் பெரிய மகாநாடுகளே பலருடைய நினைவுக்கு வருகின்றன. 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சர்வதேசப் பிரகடனம் 30 உறுப்புரைகளைக் கொண்டது. அதன் பெருமையை மறுப்பார் இல்லை. ஆயினும், பிறந்த மண்ணை விட்டு அயல்நாட்டில் குடியேறிய ஒரு குடும்பத்துக்கு அவ்வுரிமைகள் வந்து சேரும் வாசல் பெரும்பாலும் நகரசபைக் கந்தோரே ஆகும். அங்கே பெயர் பதியப்பட்டால் வைத்தியரும் பள்ளியும் வேலையும் எளிதாகின்றன. பதிய மறுக்கப்பட்டால், அந்த 30 உறுப்புரைகளும் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. இந்த உண்மையை உணர்ந்து செயற்பட்ட நகரங்களுள் இத்தாலி நாட்டுச் சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவும் ஒன்று.

1980ஆம் ஆண்டுகளில் இலங்கையின் இன்னல்களிலிருந்து தப்பி வந்த தமிழர் பலர் இந்நகரிற் குடியேறினர். வீட்டு வேலைகளும் முதியோரைப் பராமரிக்கும் பணியுமே அவர்களுட் பெரும்பாலோர்க்குப் பிழைப்பாக அமைந்தன. இன்று இத்தாலியில் தமிழர் மிகுதியாக வாழும் நகரங்களுள் பலெர்மோ குறிப்பிடத்தக்கது. ஆகவே இந்நகரின் வரலாறு சங்க அன்பர்களுக்கு அயலார் கதையன்று.

நான்கு எழுத்துகள் கொண்ட கல்

பலெர்மோவில் சீசா என்னும் பழைய அரண்மனை உண்டு. அங்கே 1149ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறைக் கல் வைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் ரொஜர் மன்னரிடம் பணி புரிந்த கிரிசாந்தோ என்ற குருவானவர் தம் தாயார் அன்னாவின் நினைவாக அதனைப் பொறித்து வைத்தார். அதில் லத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மொழிகளோடு, எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபும் இடம்பெற்றுள்ளது. கிறிஸ்தவர், இஸ்லாமியர், யூதர் எனப் பல சமயத்தாரும் ஒரே வீதியில் நடமாடிய காலத்துக்கு அக்கல் இன்றும் சாட்சி கூறுகின்றது.

அந்த நல்ல காலம் நிலைக்கவில்லை. சிசிலி, ஸ்பானிய மன்னரின் ஆட்சியில் இருந்தபோது, 1492ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணையினால் யூதர் அனைவரும் தீவை விட்டு வெளியேற நேர்ந்தது. பல நூற்றாண்டுகளாக அயலவராய் வாழ்ந்தோர் சில மாதங்களிற் காணாமற் போயினர். 500 ஆண்டுகளுக்கும் மேலாகிய பின்னர், 2017ஆம் ஆண்டில், பலெர்மோ கத்தோலிக்க மேற்றிராணியார் ஒரு சிறு வழிபாட்டிடத்தை யூதர்களின் தொழுகைக்கென வழங்க முன்வந்தார். அயலாரின் நல்லெண்ணம் இருந்தும் சட்டத்தின் காவல் இல்லையெனில், தொலைவிலிருந்து வரும் ஒரு கட்டளை அனைத்தையும் அழித்துவிடக்கூடும் என்பதே இதனால் அறியவேண்டிய பாடமாகும்.

அச்சமின்றி வாழும் உரிமை

பலெர்மோ மக்கள் உரிமை பற்றிய பாடத்தைத் துன்பத்தின் மூலமே கற்றனர். 1956ஆம் ஆண்டு பெப்ரவரியில், நகருக்கு அண்மையிலுள்ள பார்த்தினிக்கோவில் தனிலோ தொல்சி என்பவர் வேலையற்ற ஏழைகளைத் திரட்டி, பாழடைந்து கிடந்த ஒரு பாதையைக் கூலி பெறாமலே திருத்தும் பணியில் இறங்கினார். வேலை செய்வதையே போராட்டமாக்கிய அவரைப் பொலிசார் கைது செய்தனர். பலெர்மோ நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, தொழில் செய்யும் உரிமையைக் கூறும் இத்தாலிய அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரையே எதிர்வாதத்தின் ஆதாரமாயிற்று. உண்ணாநோன்பையும் அகிம்சையையும் கைக்கொண்ட அவரைச் சிசிலியின் காந்தி என்றே உலகம் அழைத்தது.

அடுத்து மாபியாக் கூட்டத்தாரின் கொடுமை. 1992ஆம் ஆண்டு மே 23ஆந் திகதி நீதிபதி ஜொவானி பல்கோனேயும், ஜூலை 19ஆந் திகதி நீதிபதி பாவ்லோ பொர்செல்லீனோவும் குண்டுவெடிப்பிற் கொல்லப்பட்டனர். அச்சம் ஆளும் ஊரில் எவ்வுரிமையும் இல்லை என்பதை அதன் பின்னர் நகர மக்கள் வெளிப்படையாகப் பேசத் துணிந்தனர். 2000ஆம் ஆண்டு டிசம்பரில், எல்லை கடந்த குற்றங்களுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் சபை உடன்படிக்கை இந்நகரிலேயே கைச்சாத்துக்கு வைக்கப்பட்டது. மனிதரை விற்று வாங்கும் கொடுமையைத் தடுக்கும் இணைப்பு ஒப்பந்தம், இன்றும் பலெர்மோவின் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது.

2004ஆம் ஆண்டில் இளைஞர் சிலர், மாபியாவுக்குக் கப்பம் கொடுப்பதை எதிர்த்து ‘அத்தியோபீட்சோ’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். பின்னர் 2016ஆம் ஆண்டில், பல்லாரோச் சந்தையை அடுத்துள்ள மக்கேதா வீதியில் கடை நடத்திய வங்காளதேசத்தவரும் பிற வெளிநாட்டினரும், தம்மை வருத்திக் கப்பம் வாங்கியோர்மீது முறைப்பாடு செய்தனர். அவ்வாண்டு மே மாதம் 10 பேர் கைதாயினர். உள்ளூரார் பலர் தலைமுறை தலைமுறையாக வாய் திறக்க அஞ்சிய காரியத்தைக் குடியேறி வந்த எளிய வணிகர்கள் செய்தமை நகரையே வியக்க வைத்தது. உரிமை பெற வந்தோர் உரிமையைக் காத்தோராகவும் ஆயினர்.

மன்றமும் சாசனமும்

நெடுங்காலம் மேயராக இருந்த லெயோலூக்கா ஓர்லாந்தோ, 2012 முதல் 2022 வரை மீண்டும் அப்பதவி வகித்தார். இக்காலத்தில் இரண்டு முயற்சிகள் நடந்தேறின.

முதலாவது, 2013ஆம் ஆண்டில் அமைந்த ‘கொன்சுல்தா தெல்லே குல்தூரே’ என்னும் பண்பாடுகளின் மன்றம். நகரில் வாழும் வெளிநாட்டினர் தாமே வாக்களித்து 21 உறுப்பினரைத் தெரிவு செய்தனர். சட்டம் இயற்றும் அதிகாரம் அம்மன்றத்துக்கு இல்லை. நகரசபைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. எனினும், வாக்குச்சீட்டையே காணாதிருந்த மக்கள் வாக்களிக்கும் பழக்கத்தைப் பெற்றமை சிறிய காரியமன்று. பலஸ்தீனத்திலிருந்து வந்து வைத்தியராகிய அதாம் தராவ்ஷா அம்மன்றத்தின் முதலாவது தலைவரானார். பின்னாளில் அவர் நகர நிர்வாகத்திலேயே பண்பாட்டுத் துறைப் பொறுப்பையும் ஏற்றார்.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான பலெர்மோ சாசனம். மனிதர் ஓரிடம் விட்டு ஓரிடம் சென்று வாழ்வதும் பறிக்கவொண்ணாத மனித உரிமையே என்று அது கூறிற்று. வதிவிட அனுமதிப் பத்திர முறையையே நீக்கவேண்டும் என்றும் கோரிற்று. 2013 அக்டோபர் 3ஆந் திகதி லம்பதூசாத் தீவருகே படகு கவிழ்ந்து 360க்கும் அதிகமானோர் மாண்ட துயரம் அப்போது எவர் நெஞ்சிலும் ஆறாதிருந்தது. சாசனம் ஒரு வேண்டுகோளேயன்றிச் சட்டமன்று. அதன் உறுதி எத்தகையது என்பது மூன்று ஆண்டுகளிற் சோதனைக்கு வந்தது.

சோதனைக் காலம்

2018ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆந் திகதி இத்தாலிய அரசு 113ஆம் இலக்க அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. உள்நாட்டு அமைச்சர் மத்தேயோ சல்வீனி முன்வைத்த அச்சட்டம், தஞ்சம் கோரியோருக்கு வழங்கப்படும் அனுமதிப் பத்திரத்தைக் கொண்டு நகரசபைக் குடியிருப்போர் பதிவேட்டிற் பெயர் பதிய இயலாது என்றது.

பதிவேட்டில் ஒரு வரி இல்லாவிடின் என்ன குறைந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். எம்மவர் ‘ரெசிதென்சா’ என்று கூறும் அப்பதிவு இத்தாலியில் பல காரியங்களுக்கு அடிப்படை. அடையாள அட்டை அதனைக் கொண்டே கிடைக்கும். குடும்ப வைத்தியரைத் தெரிவு செய்யவும், நகரசபை உதவிகளைக் கேட்கவும், வங்கியிலும் தொழிலிலும் தம்மை இன்னாரென்று காட்டவும் அதுவே துணை. பிரசாவுரிமைக்கு வேண்டிய 10 ஆண்டுகள் எண்ணப்படுவதும் அப்பதிவைக் கொண்டே.

2018 டிசம்பர் 21ஆந் திகதி மேயர் ஓர்லாந்தோ பதிவுப் பகுதி அதிகாரிக்கு எழுதி, சட்டத்தின் இந்தப் பகுதியை நடைமுறைப்படுத்தாது நிறுத்திவைக்குமாறு பணித்தார். சனவரி தொடக்கத்திற் செய்தி வெளியானதும் நாடெங்கும் பெரும் வாதம் எழுந்தது. சட்டத்தை மேயர் ஒருவர் மீறலாமா என்று அமைச்சர் கேட்டார். மனித உரிமைக்கு மாறான கட்டளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுசெல்லவே தாம் விரும்புவதாக மேயர் விடையளித்தார். நேப்பிள்ஸ், புளோரன்ஸ் முதலிய நகரங்களின் மேயர்களும் அவருக்குத் துணை நின்றனர்.

இறுதியில் மிலான், அன்கோனா, சலேர்னோ நீதிமன்றங்கள் அனுப்பிய வழக்குகளில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020ஆம் ஆண்டு ஜூலை 31ஆந் திகதி வெளியான 186ஆம் இலக்கத் தீர்ப்பு, அத்தடை அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரைக்கு முரணானது என்று அதனை நீக்கியது. தீர்ப்பின் காரணங்கள் இரண்டு. பாதுகாப்புக்காக என்று இயற்றிய சட்டம், யார் எங்கே வாழ்கின்றார் என்பதை அரசு அறியவொட்டாமற் செய்து தன் நோக்கத்தையே கெடுத்தது என்பது ஒன்று. சட்டப்படி ஓரிடத்தில் வாழ்பவரைப் பதிவிலிருந்து விலக்குவது, எல்லோர்க்கும் சமமாகிய சமூக மதிப்பைக் குறைப்பது என்பது மற்றொன்று. ஒரு நகரசபைக் கந்தோரின் வரி, நாட்டின் உயர்ந்த நீதிபீடம் வரை சென்று நிலைநாட்டப்பட்டது.

நகரத்தால் இயலாதவை

நகரம் அனைத்தையும் செய்துவிட முடியாது. வதிவிட அனுமதி வழங்குவது உள்நாட்டு அமைச்சின் கீழுள்ள அதிகாரிகளின் கையிலேயே உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத வெளிநாட்டினர் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. பிரசாவுரிமைக்கான 10 ஆண்டுகளை 5 ஆகக் குறைக்க 2025ஆம் ஆண்டு ஜூன் 8, 9ஆந் திகதிகளில் நடந்த மக்கள் வாக்கெடுப்பும், பாதிப் பேரேனும் வாக்களிக்கவேண்டும் என்ற விதி நிறைவேறாமையாற் பயனற்றுப் போயிற்று.

இத்தாலியிற் பிறந்த பிள்ளைகள் பற்றி ஒரு விதியைப் பெற்றோர் மறவாதிருத்தல் வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரை இடையறாது சட்டப்படி அங்கு வாழ்ந்தவர், அதன் பின் ஓராண்டுக்குள் பிரசாவுரிமை கோரலாம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்கு முந்திய ஆறு மாதங்களில் நகரசபையே இதனை அறிவித்தல் வேண்டும். அறிவியாவிடின் அந்த ஓராண்டு கடந்த பின்னும் கோர இடமுண்டு. பெற்றோரோ கந்தோரோ செய்த தவறு பிள்ளையைப் பாதிக்கலாகாது என்றும் அச்சட்டம் கூறுகின்றது.

அன்பும் உரிமையும்

பலெர்மோவின் காவற் புனிதை ரோசலியா. 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று போற்றப்படும் அவருடைய குகைக் கோயில் பெல்லகிரீனோ மலைமீது உள்ளது. தமிழர், சைவரும் கத்தோலிக்கருமாக, அம்மலையேறி வழிபடுவதை ஊரார் நன்கறிவர். மலைமீதுள்ள தெய்வத்தை நடந்து சென்று வணங்குவது முருகன் அடியார்க்குப் புதிதன்று. நெற்றியில் நீறணிந்து வருவோரை அங்கே எவரும் தடுப்பதில்லை.

அது அயலாரின் அன்பு. அன்புக்கு நன்றி கூறும் வேளையில், சட்டம் தந்துள்ள உரிமையையும் அறிந்திருத்தல் நன்று. இத்தாலிய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரை எல்லாச் சமயங்களும் சட்டத்தின் முன் சமமான சுதந்திரம் உடையன என்கின்றது. அதன் வழியே, இத்தாலிய இந்து ஒன்றியத்துடன் அரசு செய்துகொண்ட உடன்படிக்கை 2012 டிசம்பர் 31ஆந் திகதி 246ஆம் இலக்கச் சட்டமாயிற்று. அவ்வொன்றியத்தைச் சேர்ந்த அமைப்புகளின் அங்கத்தவர் தீபாவளித் திருநாளை அனுட்டிப்பதற்கு வேலையிலிருந்து விடுப்புக் கோரலாம். நோயுற்றோர் வைத்தியசாலையில் தம் சமய குருவின் துணையைப் பெறவும், இறந்தோரின் உடலுக்கு நாட்டுச் சட்டத்துக்கு அமையத் தம் மரபுப்படி கிரியை செய்யவும் அச்சட்டம் வழி செய்கின்றது.

இவ்வுரிமைகள் தாமாக வீடு தேடி வருவதில்லை. அமைப்பு முறையாகப் பதியப்பட்டிருத்தல் வேண்டும். கேட்பவர் வாய் திறந்து கேட்டல் வேண்டும். முகவரி மாறினால் உடனே நகரசபையில் அறிவித்து, ரெசிதென்சாப் பதிவில் இடைவெளி விழாமற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். வெளிநாட்டினர்க்கான தேர்தல் நடைபெறும் இடங்களில் அந்த நாளை வீணாக்காது வாக்களித்தல் வேண்டும். மொழி அறியாத புதியவர் ஒருவரைக் கந்தோருக்கு அழைத்துச் சென்று படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் திருத்தொண்டேயாகும். ஆலயத்தில் அன்னதானத்துக்கு நீளும் கைகள், பலெர்மோவிலாயினும் வேறெந்த நகரிலாயினும், இத்தொண்டுக்கும் நீள்வனவாக.