ஒளியிழைத் தொலைபேசியும் ஆபத்துக்கால அழைப்பும்

உதவி செய்வோர் எத்துணை வல்லவராயினும், ஆபத்துற்றார் செய்தி அவர் செவிக்கு எட்டினாலன்றிப் பயனில்லை. பசறை, லுணுகலை, ஹல்துமுல்லை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் வாழ்வோர் இவ்வுண்மையை நன்கறிவர். நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பேற்று நோவு கண்டால், வண்டி வளைந்து வளைந்து மலையேறி வரவேண்டும்; அழைப்பிலே தாமதம் நேரின் அத்தாமதம் உயிரோடு விளையாடும். ஆதலின், செப்புக் கம்பியிலிருந்து ஒளியிழைக்கு மாறிவரும் தொலைபேசியின் இயல்பை நாம் அறிந்திருத்தல் நன்று.

முற்காலத்தில் தோட்டத்துத் தொலைபேசி துரை பங்களாவிலும் தேயிலைத் தொழிற்சாலையிலுமே இருந்தது. அது செப்புக் கம்பியால் இயங்கியது. அக்கம்பி குரலை மாத்திரமன்றிக் கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் சுமந்து வந்தது. தொலைபேசி நிலையத்திலுள்ள பெரும் மின்கல அடுக்கு, 48 வோல்ற் அளவில் அதனை இடையறாது வழங்கியது. எனவே ஊர் முழுதும் இருளில் மூழ்கினும், கம்பி அறாதிருக்கும்வரை பழைய தொலைபேசி பேசிற்று.

ஒளியிழையோ தலைமயிரளவு பருமனுடைய கண்ணாடி நூலாகும். அதனூடே செல்வது ஒளி; கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இடி மின்னல் மிகுந்த ஊவா மலைகளில், மின்னலின் மின்சாரம் கம்பிவழி வீட்டினுள் புகும் இடர் குறைகின்றது. ஈரத்தால் குரல் கரகரக்கும் தொல்லையும் நீங்குகின்றது. ஆயின், ஒளியைக் குரலாக மாற்றும் சிறு பெட்டி வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தையே நம்பியுள்ளது. மின்சாரம் நின்றால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் தொலைபேசியும் ஊமையாகும். புயலடித்து மின்கம்பம் சாயும் வேளையே உதவி மிக வேண்டப்படும் வேளையுமாம் என்பதைச் சிந்திக்க.

பிற நாடுகள் இவ்விடரை முன்னரே கண்டன. பிரித்தானியாவில் 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயலால் பல கிராமங்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அதன்பின் 2022இல் அந்நாட்டுப் பெருந்தொலைபேசி நிறுவனமான பிரிட்டிஷ் ரெலிகொம் தன் புதிய முறையைப் பரப்புவதைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. வேறு தொடர்பற்ற வீட்டார்க்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமேனும் ஆபத்துக்கால அழைப்பு இயலவேண்டும் என்பது அங்குள்ள நெறி.

‘கைத்தொலைபேசி உண்டே’ என்பர் சிலர். லயங்களிற் பெரும்பாலோர்க்கு அதுவே துணை என்பதும் உண்மையே. எனினும் அதன் கோபுரமும் மின்சாரத்தால் இயங்குவது. கோபுரத்து மின்கலம் சில மணி நேரத்திற் சோர்ந்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது மண்சரிவும் மின்தடையும் தொடர்பறுதலும் ஒருங்கே வந்தன. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடிய துயரையும் நாம் மறக்கவில்லை.

இனிச் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, தோட்ட அலுவலகம், மருந்தகம், பாடசாலை ஆகியவற்றில் ஒளியிழைப் பெட்டிக்கு ஒரு மின்கலம் வைத்தல். 12 வோல்ற், 7 அம்பியர்-மணி மின்கலம் 84 வாற்று-மணி ஆற்றலுடையது. அதிற் பாதியையே செலவிடினும், 10 வாற்று வேண்டும் பெட்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயங்கும். அதனைத் திங்களுக்கு ஒருமுறை சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, எண்களையும் இடப்பெயரையும் எழுதி ஒட்டுதல். நோயாளர் வண்டிக்கு 1990, பொலிசுக்கு 119, தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இலவசமான 1990 சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. ஆனால் நம் மக்கள் வழங்கும் தோட்டப்பெயர் ஒன்று, அரசாங்கப் பதிவிலுள்ள பெயர் வேறொன்று. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று மட்டும் சொன்னால் தொலைவிலிருந்து கேட்பவர்க்கு யாது விளங்கும்? பதிவுப் பெயர், பிரிவு, லய இலக்கம், அண்மையிலுள்ள பெருந்தெரு, கோயில் ஆகியவற்றைச் சிறுவரும் பிழையின்றிச் சொல்லப் பழக்குதல் ஆசிரியர் கடன்.

மூன்றாவது, எல்லாத் தொடர்பும் அறுந்தால் என் செய்வது என முன்னரே முடிவு செய்தல். அன்று பிரட்டுக்கு அழைத்த தப்பும் கோயில் மணியும் இன்றும் ஊரை எழுப்ப வல்லன. எவர் எவ்வழியே நடந்து சென்று செய்தி சேர்ப்பது என்பதும் தீர்மானிக்கப்படல் வேண்டும்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் தோட்ட அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் மின்சார, தொலைபேசித் துறைகளிலும் பணியாற்றுகின்றனர். இவ்விழா ஆண்டில் ஒவ்வொருவரும் தாம் பிறந்த தோட்டத்திற்கு ஒரு மின்கலமும் ஓர் அறிவிப்புப் பலகையும் அளிப்பாராயின், அது கல்லூரிக்குச் செய்யும் சிறந்த காணிக்கையாகும்.